இதுகூடத் தெரியாதா?

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த மாதக் கூட்டத்தில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "வீட்டில் உதவும் சின்னச் சின்ன யோசனைகள்" என்று சொன்னோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். "கேஸ் தீர்ந்ததா என்று பார்ப்பதற்கும் மாத்திரை அட்டையைக் கிழிப்பதற்கும் மைக் கட்டிப் பேச வேண்டுமா? இதுகூடவா தெரியாது?" என்றார் ஒரு பெரியவர். அந்த வார்த்தையையே இன்றைய பேச்சுக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டோம்.

நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் பெரிய நோய், பெரிய கடன், தொழில் நஷ்டம் என்று வருபவை பல. அவற்றில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொரு வகை மனுவும் வருகிறது. ஓர் எழுத்து மாறியதால் போன வேலை, ஒரு கையெழுத்து போடாததால் வங்கியில் முடங்கிய பணம், தண்ணீர் கொடுக்காததால் மோசமான குழந்தை. இவற்றைப் படிக்கும்போது, யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். சொல்லாமல் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் இருக்கவில்லை. "இது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்" என்று நினைத்துக்கொண்டார்கள். கேட்காமல் இருந்தவர்களோ, "இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று இருந்துவிட்டார்கள்.

தெரிந்த பிறகு எல்லாமே சுலபம்தான். சபர் போகிற பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. பெட்டியைப் பற்றிச் சொன்னால் எல்லாருக்கும் புரியும். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல். பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்ற யோசனை பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருக்கு வந்தது 1970-இல். அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1972-இல். சக்கரத்தைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது, பெட்டியும் பழைய பொருள்தான். இரண்டும் சேர்ந்த பெட்டி பரவலாக நிலவுக்குப் போய் வரும்வரை ஆயிற்று! அந்த மனிதர் யார் தெரியுமா? பெட்டி தயாரிக்கும் நிறுவனத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர். குடும்பத்தோடு சுற்றுலா போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் இரண்டு கனத்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திணறுகிறார். பக்கத்தில் ஒரு தொழிலாளி பெரிய இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்துச் சாவகாசமாகத் தள்ளிப் போகிறார். அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறி தட்டியது. செய்துகொண்டு போய்க் காட்டினால் கடைக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். இன்று நாம் இழுத்துப் போகும், கைப்பிடி நீளுகிற நிமிர்ந்த பெட்டியைச் செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. அது 1987. நடுவில் இன்னும் பதினைந்து வருஷம்.

ஆகவே ஒன்று தெரியாமல் இருப்பது முட்டாள்தனம் அல்ல. யாரோ ஒருவர் சொல்லவோ செய்துகாட்டவோ வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

1971-இல் வங்காளதேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் என்ற இடத்தில் ஆஸ்பத்திரித் தரையில்கூட நோயாளிகள் கிடந்தார்கள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் போதவில்லை. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலனபிஸ் சமையல் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கலந்து, பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளியின் கூட வந்த தாய், தகப்பன், அண்ணன், தம்பியே அதைக் கோப்பையில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். ஊசி இல்லை, நர்ஸ் இல்லை. நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இதைக் குடித்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. "இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும்" என்ற பொருள்பட 1978-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் எழுதியது. அந்த டாக்டர் 2022-இல் இறந்தார். மறு வருஷம்தான் நம் அரசு பத்ம விபூஷண் கொடுத்தது.

உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் எந்த வீட்டில் இல்லை? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீரைக் குடல் சரியாக வாங்கிக்கொள்ளாது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து போகும்போது, ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. இதுதான் சூட்சுமம்.

ஆனால் நம் வீடுகளில் இன்றும் என்ன நடக்கிறது? பிள்ளைக்கு நாலு தடவை போய்விட்டால், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று நிறுத்துகிறோம். தாய்ப்பாலைக்கூட நிறுத்தச் சொல்கிற மாமிமார்கள் இருக்கிறார்கள். தாய்மார்களே, வயிற்றுப்போக்கில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான். போகப் போகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

அரசு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும். கூடவே துத்தநாக மாத்திரை கொடுத்தால் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். போக்கு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தாதீர்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தால், முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்போம், வீணாகாது" என்று ஒரு டம்ளரில் கால் பாக்கெட் போடுவது நம் பெண்களின் சிக்கனப் புத்தி. அதில் உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பலனில்லை. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை இதுதான் அது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நடு ராத்திரி, பாக்கெட் இல்லை என்றால்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பிள்ளையின் கண் குழிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை துவண்டு எழுப்பினாலும் எழாவிட்டாலோ அதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். மருந்து கண்டுபிடித்தாயிற்று, லான்செட்டும் எழுதிவிட்டது. கிராமத்துத் தாய்க்கு யார் சொல்வது? வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-இல் தொடங்கிப் பத்து வருஷம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். இதை ஒவ்வொரு தாயிடமும் உட்கார்ந்து சொல்லி, கலக்க வைத்து, திருப்பிச் சொல்ல வைத்தார்கள். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகள்! சில நாள் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாய்மாரிடம் கேட்பார். அவர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். "நான் சொல்லிவிட்டேன்" என்பதற்குக் காசு இல்லை, கேட்டவர் மனதில் நின்றதற்குத்தான் காசு. இந்தக் கணக்கை நம் ஊரில் பிரசங்கம் செய்கிறவர்களுக்கும், நம்மையும் சேர்த்துத்தான், வைத்தால் எத்தனை பேருக்குச் சம்பளம் தேறும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே நாட்டில் இன்னொன்று. குளத்துத் தண்ணீரைப் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். ரீட்டா கால்வெல் என்ற விஞ்ஞானி தலைமையில் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் மூன்று வருஷம் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. காலராக் கிருமி தனியாகத் திரிவதைவிடத் தண்ணீரில் உள்ள நுண்ணிய உயிரிகளில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதிகம். அந்த உயிரிகள் துணியில் தங்கிவிடுகின்றன. புதுப் புடவையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த புடவையே மேல், நூல் பஞ்சாகி இடைவெளி சிறுத்துவிடும் என்பதையும் கண்டார்கள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டிய நம் உம்மம்மாக்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒரு மடிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லாக் கிருமியையும் துணி பிடித்துவிடாது. முடிந்தவர்கள் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வெள்ளக் காலத்தில், விறகும் கேஸும் இல்லாத நேரத்தில் துணி நினைவில் இருக்கட்டும்.

இனிச் சமையற்கட்டு. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறோம், உங்களில் பாதிப் பேருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

சிலிண்டரில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஈரத் துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு துடைப்பு துடைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பாருங்கள். மேல் பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், திரவம் இருக்கும் உயரம்வரை ஈரம் நின்று காயும். நோன்புக் காலத்தில் சஹர் நேரத்தில் கேஸ் தீர்ந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிலிண்டர் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச்வரை, பி என்றால் ஜூன்வரை, சி என்றால் செப்டம்பர்வரை, டி என்றால் டிசம்பர்வரை. அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை இறக்கும்போதே திருப்பிக் கொடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

கையில் சூடு பட்டால் குழாயைத் திறந்து 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் பிடியுங்கள். இருபது நிமிஷம் நீளமாகத் தெரியும், அதைவிட நல்ல முதலுதவி கிடையாது. மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். பேஸ்ட், மாவு, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். வலீமா, கந்தூரிச் சமையலில் அண்டா பக்கம் நிற்கும் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள்.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி ஓர் ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து மறுமுனையிலிருந்து கிழியுங்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டு டப்பாவில் தேதியும் பெயரும் இல்லாத அரை அட்டைகள் கிடக்கின்றன! சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்களின் எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி ஒரே படமாகப் பிள்ளைகளின் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "வெள்ளையாக ஒன்று, ரோஸாக ஒன்று" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. விபத்தில் கிடப்பவரின் போனைத் திறக்க முடியாமல் காப்பாற்ற வந்தவர்கள் தவிப்பார்கள். பூட்டிய திரையிலேயே வீட்டு எண்ணும் இரத்த வகையும் தெரியும்படி வைக்க வசதி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையனிடம் கேளுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

வாட்ஸ்அப்பில் வருகிற யோசனை எல்லாம் யோசனை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது அனுப்பினால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சை நிறுத்திவிடும்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். நம் அலுவலகத்துக்கு வரும் கண்ணீரில் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது.

நம் பெயர்கள் அரபியில் பிறந்து, தமிழில் வளர்ந்து, ஆங்கிலத்தில் படிவத்துக்குப் போகிறவை. முஹம்மது என்ற ஒரே பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் 'யு' போடுவார், ஒருவர் 'ஓ' போடுவார். ஒரு 'எம்' போதும் என்பார் ஒருவர், இரண்டு என்பார் இன்னொருவர். கடைசியில் 'இ' போட்டு 'டி' போடுவதா, 'ஏ' போட்டு 'டி' போடுவதா? 'எம்.டி.' என்று சுருக்குகிறவரும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஒரே பிள்ளை நாலு பிள்ளையாகத் திரிகிறான். அரசு அலுவலகக் கணினிக்கு அவன் நம் பிள்ளை என்று தெரியாது. எழுத்து வேறானால் ஆள் வேறுதான்.

இப்படி எழுதியது யார்? பெற்றவர் அல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு மாதிரி எழுதினார், பள்ளியில் டீச்சர் ஒரு மாதிரி எழுதினார், இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்த பையன் காதில் விழுந்தபடி அடித்தான். நாம் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று "சரி தம்பி, சரி தம்பி" என்றோம்.

வளைகுடாவில் வேலை உறுதியாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் என்று நின்றுபோன ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். திருத்தம் வாங்கி முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். அவருடைய உம்மா அடகு வைத்த நகை மட்டும் அப்படியே இருந்தது.

இனிஷியல் என்பது நம் ஊர் வழக்கம். வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டும் பெயராக உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் டிக்கெட் எடுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் இனிஷியலை விரித்து, வாப்பாவின் பெயரையும் சேர்த்து எடுங்கள்.

இதற்கு என்ன வழி? ஒரு தபால் அட்டை அளவு காகிதம் போதும். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றே, அகீகா சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாப்பாவின் பெயரும் உம்மாவின் பெயரும் அவரவர் ஆதாரில் உள்ளபடி. பிறந்த தேதி. அந்தக் காகிதத்தைப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவமானாலும் அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். தட்டச்சு செய்யும் பையனிடம் வாயால் சொல்லாதீர்கள், காகிதத்தைக் கையில் கொடுங்கள். அவன் கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன், "தம்பி, திரையை இப்படித் திருப்பு" என்று கேட்டு ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 வருஷம்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். "பெரியவனான பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்டவர்கள் இன்னும் இருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஓர் எழுத்து பிசகினால் எல்லாவற்றிலும் பிசகும்.

அடுத்து வங்கி. கணவர் மௌத்தாகி, இத்தா முடித்து வந்த ஒரு சகோதரி. கணவர் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை இருந்தது. நாமினி போடவில்லை. வாரிசுச் சான்றிதழ், அதற்குத் தாலுகா அலுவலகம், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, ஒருவர் மலேசியாவில். பணம் கைக்கு வருவதற்குள் அந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நம் அறக்கட்டளைதான் இரண்டு தடவை கட்டியது. சொந்தப் பணம் வங்கியில் இருக்க, ஸதகாப் பணத்தில் பள்ளிக்கூடம்! நாமினி போட ஆவது ஒரு படிவம், ஒரு கையெழுத்து. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், அது அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கிறது. "மனைவியை நாமினியாகப் போட்டால் என் உம்மாவின் பங்கு போய்விடுமே" என்று தயங்குகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொழுகிற நாம், "நம்ம மச்சான்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பான்" என்று வாயாலேயே லட்சங்களைக் கொடுக்கிறோம். பிறகு மையித்தைத் தூக்குவதற்கு முன் "மௌத்தானவருக்கு யார் கொடுக்க வேண்டும், அவர் யாருக்குக் கொடுக்க வேண்டும்" என்று பள்ளியில் அறிவிப்புச் செய்கிறோம்.

"இதையெல்லாம் பட்டியல் போட்டு ஒட்டி வைப்பது படிக்காதவர்கள் வேலை" என்று நினைக்கிற படித்த பிள்ளைகளுக்கு ஒன்று. ஆப்பரேஷன் செய்கிற டாக்டர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 வரிப் பட்டியல் ஒன்று கொடுத்தது. நோயாளியின் பெயர் சரியா, வெட்ட வேண்டிய இடம் சரியா, எண்ணிய பஞ்சு திரும்ப வந்ததா என்பது போன்ற வரிகள். கூட நிற்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி. அதைத் தயாரித்த குழுவை நடத்தியவர் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பார்த்தார்கள். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகியது. புது மருந்து கிடையாது, புது இயந்திரமும் கிடையாது, தெரிந்ததையே மறக்காமல் செய்தார்கள். பெரிய டாக்டர்களுக்கு வெட்கமில்லை, நமக்கு என்ன?

இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை நம் அலுவலக வாசலில் ஒரு மேஜை போட்டிருப்போம். பெண்களுக்குப் பின்கட்டில் தனியாக இரண்டு சகோதரிகள் இருப்பார்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், வங்கிப் புத்தகம் ஒன்று. அசலே கொண்டுவாருங்கள், நகல் வேண்டாம். பார்த்துவிட்டுக் கையிலேயே கொடுத்துவிடுவோம், எதையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். எழுத்து மாறியிருந்தால் எதை எங்கே முதலில் திருத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவோம். கட்டணம் கிடையாது. பிறந்த பிள்ளைக்கு எழுதும் அந்தப் பெயர் அட்டையும் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் நீங்கள் கண்டுபிடித்த யோசனை எதுவாக இருந்தாலும் அதையும் வந்து சொல்லுங்கள். போன மாதம் ஒரு ராத்தா, ஒளூ செய்யும்போது குழாயைத் திறந்துவிடாமல் செம்பில் பிடித்துச் செய்து பார்த்ததில், மேல்தொட்டிக்கு மோட்டார் போடுவது இரண்டு நாளைக்கு ஒரு தடவையாகக் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளூ செய்தார்கள் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். ஒரு முத்து ஒரு லிட்டர்கூட வராது. அந்த ராத்தாதான் செம்பை எடுத்தார்கள். அவர்கள் சொன்னதை அடுத்த இதழில் போடுகிறோம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.